4 நாளே தாங்கல, 14 நாள் எப்படித் தாங்கும்?

கேள்வி: டாக்டர், எங்க ஜிம்மிக்கு அஞ்சு வயசு, கலப்பு நாய், குட்டியில இருந்து எங்க வீட்டுலதான் வளருது, சோறும் அவிச்ச கோழியும்தான் சாப்பிடும். போன தீபாவளிக்கு மகன் வீட்டுக்கு பூச்சோங் போனப்ப 4 நாள் ஈப்போவுல நாய்ங்கள காசுக்கு பாத்துக்கிற ஒரு போர்டிங்ல விட்டோம். கூட்டிக்கிட்டு வந்தப்ப தொண்டை கம்மி குரலே வரல, முன்னங்கால நக்கி நக்கி புண்ணாக்கி வெச்சிருந்துச்சு, ரெண்டு நாள் சளி மாதிரி வயித்தால போச்சு, என் மூஞ்சிய கூட பாக்கல. இப்ப பேரனுக்கு பழனியில முடி எடுக்க 14 நாள் இந்தியா போறோம், சீனப் பெருநாள் லீவுல, இன்னும் 7 வாரம் இருக்கு. நாத்தனார் பிரிட்டான் மாத்திரை குடுத்து விடுங்கன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுல சோறு வைக்க சொல்லிட்டு ஜிம்மிய வீட்டுலயே விட்டுட்டு போகலாமா, இல்ல செம்பனை தோட்டத்துல இருக்கிற என் தம்பிகிட்ட விடவா? என் மேல கோவமா இருக்குமோன்னு நெனச்சா தூக்கமே வரல.
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, மொதல்ல அந்த ‘மூஞ்சிய பாக்கல’ங்கிறத முடிச்சிருவோம், ஏன்னா ஒங்க தூக்கத்த கெடுக்கிறது அதுதான். ஜிம்மி கோவிச்சுக்கல. அது தூங்கல, அவ்வளவுதான். 4 ராத்திரி முழிச்சு குரைச்சிக்கிட்டே இருந்த நாய் வீட்டுக்கு வந்தா ஒரு மூலையில சுருண்டு படுத்து சொவத்த பாத்துக்கிட்டு கெடக்கும், கூப்ட்டா வாலு நுனி மட்டும் ஆடும், நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த ஆள்கிட்ட போயி ஊர்க்கதை பேசினா அவரு எப்படி பாப்பாரு, அந்த மாதிரி. தொண்டை கம்மினது குரைச்சு குரைச்சுதான். கால நக்கினது நம்ம ஆளுங்க டென்ஷன்ல நகம் கடிக்கிற கதை, ஆரம்பிச்சா நிறுத்த தெரியாது, அப்புறம் அந்த ஈரத்துல கிருமி புடிச்சு புண்ணாயிரும். வயித்தால போனதுக்கு ரெண்டு காரணம் சேந்திருக்கு. பயந்தா நாய்க்கு பெருங்குடல் கலங்கும், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி போகும், மேல சளி சுத்தியிருக்கும், சில நாய்க்கு கடைசில சொட்டு ரத்தம் கூட வரும். ரெண்டாவது, அஞ்சு வருஷமா சோறு சாப்பிட்ட வயித்துக்கு அங்க காஞ்ச டாக் ஃபூட் போட்டிருப்பாங்க, நீங்க அவங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டீங்க, அவங்களும் கேட்டிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. புது எடத்துல கொண்டு போய் அடைச்ச நாய்க்கு கார்ட்டிசோல்ங்கிற பயத்தோட ஹார்மோன் மொத மூணு நாள்தான் உச்சத்துல நிக்கும், அப்புறம்தான் மெதுவா எறங்க ஆரம்பிக்கும், இது நாய் காப்பகங்கள்ல எடுத்து பாத்த கணக்கு. அதனால ஜிம்மி போன தடவ அனுபவிச்சது முழுக்க அந்த மோசமான பகுதிய மட்டும்தான், கொஞ்சம் பழகுற நேரத்துல நீங்க வந்து கூட்டிக்கிட்டு போயிட்டீங்க. அப்ப 14 நாள்னா தானா சரியாயிரும்னு நான் சொல்ல வரல. சில நாய் பழகவே பழகாது. ஜிம்மி எந்த ரகம்னு நீங்க ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கணும், அதுக்குத்தான் இந்த 7 வாரம்.

எல்லாரும் நாய் நம்மள நெனச்சு ஏங்குதுன்னு மட்டும்தான் நெனைக்கிறாங்க. ஏங்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு மேல அதோட கடிகாரமே காணாம போயிருது. ஒங்க வீட்டுல ஒரு நாள நெனச்சு பாருங்க, விடிய முன்ன அண்ணே மோட்டார ஸ்டார்ட் பண்ற சத்தம், சூராவ்ல பாங்கு, அப்புறம் ரொட்டிக்காரரு ஹார்ன், நீங்க வாசல் கூட்டுற வெளக்குமாறு சத்தம், சமையக்கட்டுல மின்னல் எஃப்எம். அடுத்து என்ன நடக்கும்னு ஜிம்மிக்கு இது ஒண்ணொண்ணும் சொல்லிக்கிட்டே இருக்கு. போர்டிங்ல இது எதுவுமே கெடையாது, சத்தம் மட்டும் இருக்கு, எந்த சத்தத்துக்கு அப்புறம் என்ன வரும்னு தெரியாது.

எனக்கே இது லேட்டாதான் புரிஞ்சிச்சு. கிளினிக் தொறந்த புதுசுல ஒரு வயசான பால் மரம் வெட்டுற தாத்தா, கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்கு போறேன்னு அவரு நாய என்கிட்ட விட்டுட்டு போனாரு. ரெண்டு நாள் ஒரு வாய் சாப்பிடல. நான் கோழி ஈரல் வதக்கி வெச்சேன், டின் சாப்பாடு வெச்சேன், கையில ஊட்டி பாத்தேன், தலைய திருப்பிக்கிச்சு, ரத்தம் எடுத்து டெஸ்ட் கூட பண்ணேன், எல்லாம் நார்மல். மூணாம் நாள் பாட்டிக்கு ஃபோன் போட்டா அவங்க சிரிக்கிறாங்க, “தட்ட தட்டுனீங்களா?”ன்னு. தாத்தா தெனமும் பழைய அலுமினிய தட்டுல சோத்த கொட்டிட்டு கரண்டியால விளிம்புல மூணு தட்டு தட்டுவாராம், அதுக்கு அப்புறம்தான் அது வாய வைக்குமாம். நான் எவர்சில்வர் கிண்ணத்துல வெச்சுக்கிட்டு இருந்தேன். பின்னாடி ஸ்டோர்ல இருந்து ஒரு அலுமினிய தட்டு தேடி எடுத்து, வெறும் சோறும் மீனும் போட்டு, டக் டக் டக். அக்கா, நக்கி முடிச்சிட்டு தட்ட தள்ளிக்கிட்டே சொவரு வரைக்கும் போயிருச்சு. இத்தன வருஷம் படிச்சிட்டு வந்து ஒரு கரண்டி சத்தம் தெரியாம போச்சேன்னு இருந்துச்சு.

அதனால இன்னைக்கு நைட்டே ஒரு தாள எடுத்து ஜிம்மியோட நாள எழுதுங்க. எத்தன மணிக்கு எந்திரிக்கும், எந்த கிண்ணத்துல சாப்பிடும், சாப்பிட்டுட்டு எங்க போயி ஒண்ணுக்கு போகும், புல்லுலயா சிமெண்டுலயா (புல்லுல மட்டும் போற நாய் சிமெண்டு தரையில ஒரு நாள் முழுக்க அடக்கிக்கிட்டு நிக்கும், நான் பாத்திருக்கேன்), எந்த வார்த்த சொன்னா ஒக்காரும், தமிழ்லயா மலாய்லயா. ஒங்க ஜிம்மிக்கு ‘வா’ன்னாதான் தெரியும், அங்க வேல செய்ற பையன் ‘மாரி மாரி’ன்னு கூப்பிட்டுக்கிட்டு இருப்பான். இந்த தாள நீங்க விடப்போற ஆளுகிட்ட குடுங்க, படிக்க சொல்லுங்க, படிக்கலேன்னா அந்த எடம் வேணாம்.

சரி, 7 வாரத்துக்கு வருவோம். ஊசி விஷயம் மொதல்ல, இத தள்ளி போடாதீங்க. டிஸ்டெம்பர், பார்வோன்னு நாயோட உயிருக்கே ஆபத்தான ரெண்டு நோய்க்கு போடுற பூஸ்டர் ஊசி டைம் தாண்டியிருச்சான்னு கார்ட பாருங்க, எலி மூத்திரத்துல வர்ற லெப்டோ காய்ச்சலுக்கு வருஷா வருஷம் போடணும், மொத தடவன்னா ரெண்டு ஊசி, நடுவுல ரெண்டுல இருந்து நாலு வாரம் விடணும். கெனல் காஃப்னு ஒரு இருமல் இருக்கு, பத்து நாய் ஒரே கூரைக்கு கீழ மூச்சு விட்டா ஓட்டமா பரவும், அதுக்கு மூக்குல விடுற மருந்தும் இருக்கு ஊசியும் இருக்கு, ஊசின்னா அதுவும் மொத தடவ ரெண்டு டோஸ். கெளம்புறதுக்கு மொத நாள் வந்து ‘டாக்டர் ஒரு ஊசி போட்டு விடுங்க’ன்னு நின்னா நான் போட்டு விடுவேன், ஆனா ஒடம்புல அது வேல செய்ய நேரம் வேணுமே. உண்ணி மாத்திரையும் போறதுக்கு முன்ன குடுத்துருங்க. நம்ம ஊரு உண்ணி சொவத்து வெடிப்புல, கேஜ் கதவு இடுக்குல மாசக்கணக்குல உயிரோட ஒக்காந்திருக்கும், எவ்வளவு சுத்தமா கழுவினாலும், அது கடிச்சு வர்ற உண்ணிக் காய்ச்சல் நீங்க திரும்பி வந்து ரெண்டு மூணு வாரம் கழிச்சுதான் தல தூக்கும்.

சாப்பாடு. ரெண்டு வழி, ஒண்ணு அங்கயும் சோறு போட ஒத்துக்கிற எடமா பாக்குறது, வீட்டுலயே வேக வெச்சு நாளுக்கு ஒரு பொட்டலமா கட்டி ஃப்ரீஸர்ல போட்டு குடுத்துரலாம். 14 பொட்டலம் எடம் அடைக்கும், எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. இன்னொரு வழி இப்பவே டாக் ஃபூட்டுக்கு மாத்துறது, மொத மூணு நாள் கால் பங்கு, அடுத்த மூணு நாள் பாதி, அப்புறம் முக்கால், மொத்தம் பத்து நாள் எடுத்துக்குங்க. எத செஞ்சாலும் பெட்டி கட்டுற வாரத்துல செய்யாதீங்க. வேக வெச்ச கோழி எலும்ப மட்டும் யாரும் பாவம்னு போட்டுற வேணாம், அது ஊசி மாதிரி ஒடையும்.

இப்ப முக்கியமானது, ஒத்திகை. எந்த எடத்த முடிவு பண்றீங்களோ அங்க மொதல்ல சும்மா கூட்டிக்கிட்டு போயி பத்து நிமிஷம் நின்னு, அந்த பையன் கையால ரெண்டு துண்டு கோழி சாப்பிட வெச்சு, கூட்டிக்கிட்டு வந்துருங்க. அடுத்த வாரம் காலையில விட்டுட்டு சாயங்காலம் எடுங்க. அதுக்கு அப்புறம் ஒரு ராத்திரி, ஒரு வாரம் கேப் விட்டு ரெண்டு ராத்திரி. காசு கொஞ்சம் செலவாகும், அண்ணே மொணங்குவாரு, மொணங்கட்டும். இதுல ஜிம்மிக்கு கெடைக்கிற பாடம் ஒண்ணே ஒண்ணுதான், இங்க விட்டா திரும்ப வந்து எடுப்பாங்க. போன தடவ அதுக்கு அது தெரியாது. நீங்களும் ஒண்ணு கத்துக்குவீங்க, ஒரு ராத்திரிக்கு அப்புறம் சாப்பிட்டிருக்கா, மூச்சு எரைக்க எரைக்க நிக்குதா, குரல் இருக்கா, கால பாருங்க ஈரமா இருக்கான்னு. மூணு ஒத்திகையிலயும் சாப்பிடவே இல்லேன்னா அந்த நாய போர்டிங்ல விடாதீங்க, பிடிவாதம் புடிக்காதீங்க, வேற வழி கீழ சொல்றேன்.

கேஜ்ல வெக்கிற எடம்னா வீட்டுலயே ஒரு கேஜ வாங்கி கதவ தொறந்து போட்டு உள்ளயே சோறு வைங்க, ஒரு வாரம் கதவ மூடவே வேணாம். தானா போயி மத்தியானம் அதுக்குள்ள தூங்கும் பாருங்க, அப்புறம் மூடி பழக்குங்க. ஒங்க பழைய கைலி ஒண்ணு, தொவைக்காம, அதுல படுக்க விடுங்க, அந்த கைலி ஜிம்மி கூடவே போகணும், ஒங்க வாசனையோட. துணிய கடிச்சு முழுங்குற பழக்கம் இருந்தா மட்டும் குடுக்காதீங்க, குடல்ல அடைச்சிக்கும், அப்புறம் ஆபரேஷன்தான்.

எடம் தேடும்போது சொல்லாம கொள்ளாம, சாப்பாடு போடுற நேரமா பாத்து போங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு போனா எல்லா நாயும் படுத்திருக்கும், எல்லா எடமும் நல்ல எடமாத்தான் தெரியும். ஃபேன் ஓடுதா, தண்ணி கிண்ணத்துல அடியில பாசி இருக்கா, எதிர் எதிர் கேஜுக்கு நடுவுல மறைப்பு இருக்கா பாருங்க, ஏன்னா நாள் முழுக்க இன்னொரு நாய மொறைச்சிக்கிட்டே இருக்கிறது பாதி டென்ஷன். ராத்திரி அங்க மனுஷன் படுக்கிறாங்களான்னு கேளுங்க, நெறைய எடத்துல ஏழு மணிக்கு ஷட்டர எறக்கிட்டு போயிருவாங்க. நான் கேக்க சொல்ற இன்னொரு கேள்வி, “சாப்பிடலேன்னா எத்தனாவது வேளையில எனக்கு ஃபோன் பண்ணுவீங்க?” ‘பசிச்சா சாப்பிட்டுக்கும்’னு பதில் வந்தா வணக்கம் சொல்லிட்டு வந்துருங்க. ஒரு நாள் சாப்பிடாம இருக்கிறது பெரிய விஷயம் இல்ல, ரெண்டாம் நாளும் தொடலேன்னா டாக்டர் பாக்கணும், தண்ணியும் குடிக்கல, வாந்தி எடுக்குதுன்னா அன்னைக்கே.

நீங்க போற நாள் வேற சீனப் பெருநாள். ஈப்போ பக்கம் எட்டாம் நாள் ராத்திரி, ஹொக்கியன்காரங்க தீ கோங் சாமி கும்புடும்போது, பன்னெண்டு மணிக்கு வெடிக்கிற வெடி தீபாவளிய தூக்கி சாப்ட்டுரும். அந்த போர்டிங் கம்போங் பாரு, அதான் சீனங்க கூடி இருக்கிற புதுக்கிராமம், அது பக்கத்துலயான்னு கேளுங்க. ஆமான்னா அந்த ராத்திரி ஜிம்மிய எங்க வெப்பாங்க, உள் ரூம்ல வெச்சு ஜன்னல சாத்தி ரேடியோ போடுவாங்களா? ரேடியோன்னதும் ஞாபகம் வருது, கிளாஸ்கோ யுனிவர்சிட்டிக்காரங்க ஸ்காட்லாந்து விலங்கு காப்பகத்து கூட சேந்து 2017ல வெளியிட்ட ஆராய்ச்சியில, கேஜ்ல இருக்கிற நாய்ங்க சாஃப்ட் ராக், ரெகே பாட்டு போட்டப்ப கொஞ்சம் நிதானமா இருந்துச்சுங்க, ஆனா ஒரே ரகத்தையே போட்டுக்கிட்டு இருந்தா பழகி போயிருதாம். ஜிம்மிக்கு ரெகே எல்லாம் வேணாம், வீட்டுல ஓடுற மின்னல் எஃப்எம் போதும், அதுக்கு அது சமையக்கட்டு சத்தம்.

ஒங்க ரெண்டு மாத்து வழி. பக்கத்து வீட்டுக்காரங்க சோறு மட்டும் வெச்சிட்டு போறது, அது வேணாம் அக்கா. 14 நாள்ல ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் தவிர மிச்ச நேரம் பூட்டின கேட்டுக்குள்ள தனியா, இடி இடிச்சா கேக்க ஆள் இல்ல, கேட்ட தாண்டி ரோட்டுக்கு ஓடினா தெரியவும் தெரியாது. ஆனா ஜிம்மிக்கு தெரிஞ்ச யாராவது, அக்கா மவனோ மருமவளோட தங்கச்சியோ, ஒங்க வீட்டுலயே வந்து படுத்து எந்திரிக்கிறதா இருந்தா என்னை கேட்டா போர்டிங்க விட அதுதான் மேல், கடிகாரம் அப்படியே இருக்கு, ஆளு மட்டும் மாறுது. ஒத்திகையில தோத்த நாய்க்கு நான் சொல்ற வழியும் இதுதான்.

தம்பி வீட்டுல விடுறது பாசமான யோசனதான், நானும் லயத்துல பொறந்தவன்தான், தோட்டத்து நாய்ங்க மாதிரி சந்தோஷமா சுத்துற நாய நான் டவுன்ல பாத்ததில்ல. ஆனா அதுங்க அங்கயே வளந்ததுங்க. செம்பனையில எலிக்கு மருந்து வெப்பாங்க, கலர் கட்டியா இருக்கும், சில தோட்டத்துல அதுக்கு பதிலா ஆந்தைக்கு பொட்டி கட்டி வளக்குறாங்க, அது நல்ல வேல, ஆனா எல்லா எடத்துலயும் இல்ல. அந்த மருந்து ரத்தத்த ஒறைய விடாது. தின்ன அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, மூணு நாலு நாள் கழிச்சு நாய் சோந்து படுக்கும், ஈறு வெளுத்து போயிருக்கும், அப்ப வர்றவங்கள பாக்குறப்ப எனக்கு வயித்த கலக்கும். காட்டுப் பன்னிக்கு வெக்கிற கண்ணி வேற. தம்பி ஜிம்மிய வேலி போட்ட காம்பவுண்டுக்குள்ள வெச்சு, கயித்துல புடிச்சு மட்டும் வெளிய கூட்டிக்கிட்டு போவேன்னு சத்தியம் பண்ணா விடுங்க. ‘தோட்டந்தானே, அவுத்து விட்டா சுத்திட்டு வரும்’னு சொன்னாருன்னா வேணாம்.

பிரிட்டான்? அது அரிப்புக்கு குடுக்குறது. நாய்க்கு கொஞ்சம் தூக்கம் வரும், பயம் அப்படியே இருக்கும். ஏசிப்ரோமசின்னு ஒரு பழைய மருந்து உண்டு, அது இன்னும் மோசம்னு சொல்வேன், ஒடம்பு அசையாது, உள்ள பயம் ஓடிக்கிட்டே இருக்கும், பாக்குறவங்களுக்கு நாய் அமைதியா இருக்கிற மாதிரி தெரியும். நெசமா பயத்த கொறைக்கிற மருந்து இருக்கு, டிரசோடோன், கேபபென்டின், ரெண்டையும் எடை பாத்து, ஈரல் கிட்னி பாத்து டாக்டர்தான் குடுக்கணும், வீட்டுல ஒரு நாள் குடுத்து ஜிம்மிக்கு எப்படி புடிக்குதுன்னு பாத்துட்டுதான் போர்டிங்ல குடுக்க சொல்லணும். ஒத்திகை நல்லா போனா இது தேவையே இருக்காது, வெடி ராத்திரிக்கு மட்டும் கைவசம் வெச்சிக்கலாம். பனடால், புரூஃபன் மாதிரி மனுஷங்க மாத்திரைய யாரு சொன்னாலும் குடுக்காதீங்க.

விடுற அன்னைக்கு காலையிலயே விடுங்க, கேஎல்ஐஏவுக்கு கெளம்புற அவசரத்துல சாயங்காலம் போயி தள்ளிட்டு ஓடாதீங்க. முடிஞ்சா முந்தின நாளே. போறதுக்கு முன்ன நல்லா ஒரு நடை நடக்க விட்டு, வாசல்ல தாளையும் கைலியையும் பொட்டலத்தையும் குடுத்து, கயித்த அந்த பையன் கையில மாத்தி, ‘வரேன்டா’ன்னு ஒரு வார்த்த, அவ்வளவுதான். கட்டி புடிச்சு அழாதீங்க அக்கா. அழணும்னா கார்ல ஏறி கதவ சாத்திக்கிட்டு அழுங்க. தினமும் வீடியோ கால்ல கூப்பிடாதீங்க, ஒங்க குரல் வரும் ஆள் வராது, அது கேட்டுக்கிட்டே போயி கதவுல நிக்கும். ஃபோட்டோ அனுப்ப சொல்லுங்க, சாப்பிட்ட கிண்ணத்தையும் சேத்து.

திரும்பி வந்த அன்னைக்கு பழனி பிரசாதம் குடுக்க வர்ற சொந்தக்காரங்கள எல்லாம் மறுநாள் வர சொல்லிட்டு, ஜிம்மிக்கு கொஞ்சமா சோறும் தண்ணியும் வெச்சு தூங்க விடுங்க. ரெண்டு நாள் எளகலா போனா பயப்படாதீங்க, அதுக்கு மேலன்னா கூட்டிக்கிட்டு வாங்க. இருமல் ரெண்டு வாரத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் வரலாம், தொண்டையில ஏதோ சிக்கின மாதிரி ஓங்காரிச்சு இருமும், அப்படி இருந்தா மத்த நாய்ங்ககிட்ட விடாம, கழுத்து பட்டைய கழட்டிட்டு, வர்றதுக்கு முன்ன கிளினிக்குக்கு ஃபோன் பண்ணுங்க, வெயிட்டிங் ரூம்ல மத்த நாய்ங்க இருக்கும், நான் வெளிய கார்லயே வந்து பாத்துக்கிறேன்.